எங்கள் அக்காவும் சிவப்புப் புளியங்கொட்டைகளும்

இலையில் உட்காருவதற்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவின் உடன்பிறந்த தம்பியாகிய நான் உங்களை வணங்குகிறேன். அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. மலரில் கட்டுரை யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லோருக்கும் வேலை இருந்தது, எனக்கு இல்லை. அப்படித்தான் இது என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியப்பா மட்டும், "இவன் எய்தினா தெவசத்துக்கு வந்தவங்க சிரிச்சிக்கினே சாப்புடுவாங்கடா" என்றார். சிரிக்கலாம், தப்பில்லை. அக்காவும் நன்றாகச் சிரிப்பவர். பெரும்பாலும் என்னைப் பார்த்து.

அக்கா பிறந்தது ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில், வேர்க்கடலை போடும் குடும்பத்தில். அவருக்கு ஆறு வயது ஆனபோது நான் பிறந்தேன். அக்கா பத்தாம் வகுப்பு முடித்ததும் கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து, "இந்தப் பொண்ண மேல படிக்க வெய்ங்க" என்று அப்பாவிடம் கெஞ்சினார். அப்பாவால் முடியவில்லை. அதே வாத்தியார் சில வருஷம் கழித்து என் விஷயமாகவும் வீடு தேடி வந்தார். அன்றைக்கு வாசலில் நின்று அவர் என்ன சொன்னார் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை ஒன்றுக்காகவே அவருக்கு மலர் போடலாம்.

ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்கு சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் தொழில். மாடி வீடு கட்டும்போது தளத்துக்குக் காங்கிரீட் ஊற்றுகிறோம் அல்லவா, அது இறுகும் வரை அடியில் தாங்கி நிற்கும் இரும்புத் தகடுகளையும், தகடுகளைத் தாங்கும் ஜாக்கிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜாக்கி என்பது திருகி உயரம் கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டு. தளம் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அவர்கள் மகள் தேவிக்கு மூன்று வயது இருக்கும்போது மாமா மஞ்சள் காமாலையில் போனார். சுவரோரம் அடுக்கிய தகடுகளும் ஒரு கொட்டகை நிறைய ஜாக்கிகளும் மிச்சம். இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஊரோடு வந்துவிடு என்றோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். அக்கா கேட்டார்: "போட்டா எத்தினி நாளிக்கிடா சோறு?" எனக்குப் பதில் தெரியவில்லை. வகுத்தல் கணக்கு. "தெரியலல்ல. அப்ப இங்கியே இருந்து சாமான் ஏத்து" என்றார். அன்று சேர்ந்த வேலைதான். அதற்கு முன் நான் நடத்திய செல்போன் கடையைப் பற்றி இந்த மலரில் யாரும் கேட்க வேண்டாம்.

அக்கா எடுத்துச் செய்ததெல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மலை வேலைகள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சாமான் கொண்டுபோக வேண்டுமானால் லாரி அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் ஏற வேண்டும். அங்கே போனபிறகு நாலு ஜாக்கி குறைகிறது என்றால் கீழே வந்து எடுத்துப் போக ஒரு நாள் ஆகும். அதனால் ஒரே நடையில் எல்லாம் போய்ச் சேர வேண்டும். மலையில் தரையும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் ஒன்பதடி உயரம் வந்தால் மறு பக்கம் பன்னிரண்டு வரும்.

இதற்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தார். பஸ் பிடித்து மேலே போய் மனையை நடந்து அளந்து வருவார். வந்ததும் எங்கள் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அந்த வீட்டை வரைவார். பிறகு ஜாக்கி நிற்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு புளியங்கொட்டை. உயரமான ஜாக்கிக்குப் பெரியது, குட்டைக்குச் சின்னது. உத்திரம் வரும் இடத்தில் நெருக்கி வைப்பார். இரண்டு மூன்று நாள் அது தரையிலேயே கிடக்கும். போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து ஒன்றைத் தள்ளுவார், ஒன்றைச் சேர்ப்பார். அந்த நாட்களில் நாங்கள் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரைத் தாண்டித் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். நான் மிதித்தால் உள்ளிருந்தே குரல் வரும்: "டேய், சமையக்கட்டு ஒதுங்குச்சு பாரு!" கண்ணால் பார்க்காமலே எந்த அறை என்று எப்படித்தான் தெரியுமோ.

திருப்தி ஆனதும் எல்லாவற்றையும் அள்ளி ஒரு துணிப்பையில் கட்டி, வீட்டுக்காரர் பெயரை எழுதித் தொங்கவிடுவார். லாரி வந்ததும் தரையில் மிச்சமிருக்கும் கோட்டைக் காட்டி எந்த ஜாக்கி எங்கே என்று சொல்லிவிட்டுப் பையை என் கையில் கொடுப்பார். ஒரு ஜாக்கி ஏறினால் ஒரு கொட்டையை எடுத்து வெளியே போட வேண்டும். பை காலியானால் லோடு முடிந்தது. எண்ணத் தெரியாதவனும் தப்புச் செய்ய முடியாத ஏற்பாடு. யாருக்காகச் செய்த ஏற்பாடு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அதிலும் தப்புச் செய்தேன்.

வண்டு வைக்காமல் இருக்க அக்கா கொட்டைகளை வறுத்து வைப்பார். ஒரு நாள் காலை லாரி பஞ்சராகி நின்றுவிட்டது. நான் தகட்டு அடுக்கின் மேல் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வறுத்த புளியங்கொட்டையைத் தோல் உடைத்து வாயில் அடக்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. லாரி வந்தது, ஏற்றினோம், பை காலியானது, "கரெக்டா பூடுச்சுக்கா" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். மேலே போய் நிறுத்திப் பார்த்தால் ஒரு மூலை முழுக்க அந்தரத்தில் நிற்கிறது.

மறுநாள் காங்கிரீட். ஆட்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மேஸ்திரி, "கொஞ்சம் எடம் வுட்டு எட்டி நிறுத்தினா தாங்கும்பா" என்றார். பாறை மேல் ஏறி, சிக்னல் பிடித்து அக்காவைக் கூப்பிட்டேன். "எட்டி நிறுத்தாத. காங்கிரீட்ட தள்ளிப் போடச் சொல்லு, நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் ஒரு சின்ன வண்டியில் ஜாக்கிகளோடு வந்து இறங்கினார். எல்லார் முன்னாலும் திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து காதோரம் கேட்டார்.

"எத்தினி துன்னே?"

"ஒம்போதுக்கா."

"ருசியா இருந்துச்சா?"

அவ்வளவுதான். அடுத்த லோடுக்குப் பையைத் திறந்தால் எல்லாக் கொட்டையும் சிவப்பு. ஜாக்கிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்டில் முக்கி எடுத்திருக்கிறார். "இனிமே துன்னாலும் வவுறு துருப் புடிக்காதுடா" என்றார். ஆலங்காயத்தில் என்னை இன்றைக்கும் சிலர் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் வரலாறு.

அதற்குப் பிறகு என் லோடு எதுவும் குறைந்ததே இல்லை. இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாறாக, மேலே போய்ப் பார்த்தால் சில சமயம் ஒன்று இரண்டு ஜாக்கி மிஞ்சும். அக்காவின் கணக்கும் கொஞ்சம் பிசகத்தான் செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதை அவர் உயிரோடு இருந்தபோது சொன்னதில்லை. நல்லவேளை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று போன வருஷம் ஆடி மாதம் தெரிந்தது. வேலூருக்குப் போனோம், வந்தோம். புரட்டாசியில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அக்கா கேட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று. நான் ஒரு ஜோக் சொன்னேன். எந்த ஜோக் என்று நினைவில்லை. அவர் சிரிக்காததை மட்டும் மறக்க முடியவில்லை. "சரி, சடையன் வூடு ஒண்ணு பாக்கி கீது. அத்த முடிச்சிடலாம்" என்றார்.

சடையண்ணன் ஜமுனாமரத்தூருக்கு மேலே சாமை விளைக்கிறவர். பழைய கூரையைப் பிரித்துவிட்டுச் சுவர் எழுப்பியிருந்தார். தளம் போடும் வரை குடும்பம் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி அதன் அடியில் இருந்தது. அவர் மகள் வேறு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசி மழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும். மனையை அக்கா ஆடிக்கு முன்பே போய் அளந்திருந்தார்.

கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். தேவி சாக்பீஸ் பிடித்தாள். அக்கா ஒரு மூங்கில் குச்சியை நீட்டி, "இன்னும் சாணு இந்தாண்ட. அது பெரிய ஜாக்கி, சின்னத வெக்கிறியே" என்று படுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நாள் சடையண்ணன் வீடு எங்கள் கூடத்தில் கிடந்தது. அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோகும் வேலை என்னுடையது. ஒரு நாளைக்குப் பத்து முறை அந்த வீட்டைத் தாண்டினேன். கத்தக் குரல் இல்லாவிட்டாலும் மிதித்தால் குச்சியால் கணுக்காலில் ஒரு தட்டு. ஆறாம் நாள் தேவியை விட்டு அள்ளிப் பையில் கட்டச் சொன்னார். ஏழாம் நாள் விடிந்து, பால் கொடுக்கப் போன தேவி என்னைக் கூப்பிட்டாள்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தினோம். பாயின் நாலு பக்கமும் சாக்பீஸ் கோடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா சடையண்ணன் வீட்டுக்கு நடுவில் படுத்திருந்தார்.

சடையண்ணன் செய்தி கேட்டு மலையிலிருந்து வந்தார். மாலையோடு ஒரு மூட்டை சாமையும் கொண்டுவந்திருந்தார். திரும்பிப் போகும்போது நான் தளத்துப் பேச்சை எடுத்தேன். "அத்த இப்ப பேசாதீங்க சாமி. மழ வந்தா வரட்டும். நாங்க மலையில பொறந்தவங்க, இருந்துக்குவோம்" என்றார். கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கேட்காமல் போய்விட்டார்.

எடுத்த பிறகு முறைப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். சாக்பீஸ் வீடு தண்ணீரோடு வாசலுக்குப் போனது. கழுவிய பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. பையில் எத்தனை ஜாக்கி என்பது இருக்கிறது. எங்கெங்கே என்பது போய்விட்டது. அழுது ஓய்ந்து கிடந்த தேவியிடம் கேட்க மனம் வரவில்லை.

காங்கிரீட்டுக்குக் குறித்த நாள் அக்கா போன பதினோராம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சாமான் ஏற வேண்டும். பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். "கருமாதி முடியற வரைக்கும் சாவு வூட்டுலர்ந்து ஒரு துரும்பு வெளிய போவக்கூடாது. இன்னாடா பழக்கம் இது?" வானம் அதற்குள் மேற்கே கறுக்கத் தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். "நீ ஜோக் அடிக்காத" என்றார். நான் ஜோக் அடிக்க வரவே இல்லை. இத்தனை வருஷம் அடித்ததன் பலன், அன்றைக்கு என் பேச்சு எடுபடவில்லை.

தேவிதான் எழுந்து போய், ஆணியில் தொங்கிய பையைக் கொண்டுவந்து பெரியப்பா மடியில் வைத்தாள்.

"தாத்தா, அம்மா பைய கட்டிட்டா அந்தச் சாமான இன்னொருத்தருக்கு எப்பனா குடுத்திருக்குதா?"

"இல்ல."

"வேற யாரு வந்து நின்னாலும்?"

"குடுக்காது. அது பூட்ட சாமான், இனிமே நம்முது இல்லன்னு சொல்லும்."

"இத்த அம்மாவே கட்டச் சொல்லிச்சு. அது உயிரோட இருக்கறப்பவே பூட்ட சாமான் தாத்தா. இப்ப வூட்டுலர்ந்து எதுவும் போவல."

பெரியப்பா பையைத் திருப்பி, அதிலிருந்த சடையண்ணன் பெயரைப் படித்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லாரிக்குச் சொல்லுங்கடா" என்றார். காரியம் செய்வது தேவியின் வீட்டுக்காரர் என்பதால் நான் போக வழி இருந்தது.

அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஜாக்கி, ஒரு கொட்டை. ஒவ்வொரு ஜாக்கியையும் திருகிப் பார்த்து, இறுகிப்போனதைத் தள்ளிவைத்துவிட்டு ஏற்றினேன். டீ வந்தது, வேண்டாம் என்றேன். லாரிக்காரர், "இன்னாபா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

மேலே போய்ச் சடையண்ணன் வீட்டு நடுவில் நின்றேன். எதிரே சுவர்கள், மேலே வானம். எங்கே ஆரம்பிப்பது? கண்ணை மூடிக்கொண்டு, கஞ்சிச் சொம்பு கையில் இருப்பதாக நினைத்து நடந்தேன். கால் தானாகத் தாண்டியது. இங்கே வாசல், தாண்டினால் இரண்டு சின்னது. உத்திரத்தடியில் நெருக்கமாக ஏழு. இங்கேதான் ஒரு நாள் மிதித்தேன், கணுக்காலில் அடி விழுந்த இடம். அப்படியே ஒவ்வொன்றாக நிறுத்தினோம். மேஸ்திரியும் ஆட்களும் நான் கண்ணை மூடி நடப்பதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வராமல் நடந்துகொண்ட முதல் நாள் அது.

எல்லாம் நிறுத்தி முடித்தபோது நாலு ஜாக்கி மிஞ்சியது.

ஒன்று இரண்டு மிஞ்சியிருக்கிறது, நாலு மிஞ்சியதில்லை. அப்படியானால் நாலு இடத்தை நான் மறந்துவிட்டேன். மறுபடி கண்ணை மூடி நடந்தேன். இரண்டு முறை. மூன்று முறை. இடம் வரவில்லை. நாளைக் காலை காங்கிரீட். எந்த நாலு இடம் என்று தெரியாமல் ஊற்றினால், எங்கே இறங்கும், யார் தலையில் இறங்கும்? தார்ப்பாயின் கீழிருந்து சடையண்ணன் மகள் வயிற்றைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிடலாம். அதற்குள் முதல் தூறல் என் கழுத்தில் விழுந்தது.

பழைய பாறைதான். ஏறி, தேவியைக் கூப்பிட்டேன்.

"தேவி, நாலு மிஞ்சுது. எடத்த மறந்துட்டேன்மா. நீதானே வரைஞ்ச, சொல்லு, எந்த நாலு?"

தேவி திருப்பிக் கேட்டாள்.

"எத்தினி மாமா மிஞ்சுது?"

"நாலு. சரியா நாலு."

"அதுக்கு எடம் இல்ல மாமா." அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "அது உனக்குப் போடறது. நீ அந்த ஒம்போது துன்ன நாள்லர்ந்து, ஒவ்வொரு பையிலயும் அம்மா நாலு சேத்துப் போடும். தம்பி எங்கனா வுட்டுட்டுப் போவான், இறுகிப்போனத ஏத்திடுவான், அதுக்கு இருக்கட்டும்னு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. கூச்சப்படுவானாம்."

நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை அந்த நாலில்தான் இருந்தது. மலைமேல் ஒன்று இரண்டு மிஞ்சியபோது அக்கா கணக்குப் பிசகியதாகச் சந்தோஷப்பட்டேனே, அது நான் அந்த முறை கொஞ்சம் குறைவாகத் தப்புச் செய்ததற்கான மிச்சம். அன்றைக்கு நாலும் மிஞ்சியது. ஒன்றும் விடவில்லை, ஒன்றும் மறக்கவில்லை. இதைப் போய்ச் சொல்ல ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

மறுநாள் தளம் போட்டோம். தூறல் நின்று நின்று பெய்தது, சாக்கு போட்டு மூடினோம். மலைக் குளிருக்குக் கூடுதலாக ஒரு வாரம் விட வேண்டும் என்று அக்கா எப்போதும் சொல்வார். அப்படியே விட்டுத்தான் ஜாக்கியைத் தளர்த்தினோம். தளம் அசையவில்லை. அந்தத் தளத்துக்கு அடியில்தான் சடையண்ணனின் பேத்தி தவழ்ந்தாள். இன்று அவளும் இங்கே வந்திருக்கிறாள். பந்தலில் யார் இலையிலாவது ஒரு குழந்தை கையை விட்டால், அவள்தான்.

அக்காவின் கடைசி நாட்களில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வேலூருக்குப் போகவர வண்டி ஓட்டியவருக்கு. தினமும் வந்து அக்காவைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. சாமையும் தங்கள் பொறுமையும் தந்த மலை மக்களுக்கு. மழையில் சாக்கு பிடித்த மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும். ஒரு பழக்கத்தை விட்டுக் கொடுத்த பெரியப்பாவுக்கு. இப்போது கூடத்தில் கொட்டை வைப்பவள் தேவி. அவளிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், அந்த நாலை நிறுத்தாதே என்று. "நீதான் இப்ப தப்பே செய்யறதில்லியே மாமா" என்றாள். அது இருக்கட்டும், நீ போடு என்றேன்.

கடைசியாக ஒன்று. இந்த மலரோடு உங்களுக்கு ஒரு சின்னத் துணிப்பை கொடுத்திருக்கிறோம். உள்ளே நாலு புளியங்கொட்டை இருக்கும். தேவிதான் வறுத்தாள், பெயிண்ட் பூசவில்லை. பயப்படாமல் தின்னுங்கள். எனக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். என் பங்கை நான் முன்பே தின்றுவிட்டேன்.